‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ சரி... ஷிஃப்ட்டுக்குப் போறவங்க என்ன பண்றது? ஒரகடத்துல நின்னு அரசுக்கு மார்க் போடலாமா?

புயல் கரையைக் கடந்த மறுநாளே நாம அரசுக்கு மார்க் போட ஆரம்பிச்சிடுவோம். தி.நகர்ல தண்ணி வடிஞ்சுதா, வேளச்சேரி மேம்பாலத்துல எத்தனை கார் ஏத்தி நிறுத்தினாங்க, சுரங்கப்பாதை எத்தனை மூடினாங்க, கரன்ட் எப்போ வந்துச்சு, பால் பாக்கெட் என்ன விலைக்கு வித்துச்சு... இதுதான் நம்ம கேள்வித்தாள். ஆளுங்கட்சிக்காரர் நூத்துக்குத் தொண்ணூறு போடுவார், எதிர்க்கட்சிக்காரர் முட்டை போடுவார். ஒரு வாரம் டிவியில விவாதம் ஓடும். பிறகு வெயில் அடிச்சதும் எல்லாரும் மறந்துடுவோம்.

இந்தக் கேள்வித்தாளைச் சென்னையில உட்கார்ந்து எழுதியிருக்கோம், கவனிச்சீங்களா? பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். இடதுபுறம் திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். காரும் பைக்கும் போனும் கண்ணாடியும் டயரும் தயாராகிற ஊர்கள். அங்கே நின்னு பார்த்தா, ஒரு மாநில அரசு புயலை எப்படிச் சமாளிக்குதுன்னு கேட்க வேண்டிய கேள்விகள் வேற மாதிரி இருக்கும். முதல் கேள்வி ரொம்பச் சாதாரணமானது: “நாளைக்கு வேலைக்குப் போகணுமா, வேணாமா?”

உங்க வீட்டுல யாராவது அந்தப் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போறாங்கன்னா, இந்தக் கேள்வியோட கனம் உங்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 4, 2023... திங்கட்கிழமை

மிக்ஜாம் புயலை நினைவுபடுத்திக்கோங்க. அது கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், டிசம்பர் 5-ம் தேதி. ஆனா கடலோரமாவே மெதுவா நகர்ந்து, 3-ம் தேதி இரவும் 4-ம் தேதி முழுக்கவும் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் அடிச்சுத் துவைச்சுட்டுப் போச்சு. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்று, விமானங்கள் நிறுத்தப்பட்டன.

அரசு சும்மா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் 4-ம் தேதி பொது விடுமுறையை முன்கூட்டியே அறிவிச்சாங்க. தனியார் நிறுவனங்கள் முடிந்தவரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லணும்னு கேட்டுக்கிட்டாங்க. 5-ம் தேதிக்கும் விடுமுறை நீண்டது. இதே பாணியைத்தான் 2024 அக்டோபரிலும் பார்த்தோம்: கனமழை எச்சரிக்கை வந்ததும் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை, ஐ.டி. நிறுவனங்களுக்கு 15-ம் தேதியிலிருந்து 18-ம் தேதி வரை வீட்டிலிருந்து வேலை. அதே நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் வந்தப்போவும் ஐ.டி.க்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்.

எல்லாம் சரிதான். ஒரகடத்துல கார் பாடியை வெல்டிங் பண்றவர் எப்படி ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணுவார்? சுங்குவார்சத்திரத்துல போன் அசெம்பிளி லைன்ல நிக்கிற பொண்ணு, ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து போனுக்கு ஸ்க்ரூ போட முடியுமா? ‘வீட்டிலிருந்து வேலை’ங்கிற அறிவுரை ஓ.எம்.ஆர். சாலையைப் பார்த்து எழுதினது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அது வெறும் காகிதம்.

‘அதான் பொது விடுமுறை விட்டாச்சே’ன்னு கேட்பீங்க. இங்கேதான் கொஞ்சம் சட்டத்துக்குள்ள போகணும், பொறுத்துக்கோங்க.

அரசு அறிவிக்கிற பொது விடுமுறை, 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் வருவது. செக், உண்டியல் சம்பந்தப்பட்ட சட்டம் அது. அரசு அலுவலகமும் வங்கியும் மூடும். தனியார் தொழிற்சாலை கேட்டை அது பூட்டாது. தொழிற்சாலைகளுக்குத் தமிழ்நாட்டில் 1958-ல் வந்த தனி விடுமுறைச் சட்டம் இருக்கு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அதுபோக சில பண்டிகை நாட்கள். புயல் நாள் அந்தப் பட்டியல்ல தானா வந்து சேராது.

இப்போ தேர்தல் நாளை எடுத்துக்கோங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, ஓட்டுரிமை இருக்கிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு சொல்லுது. கொடுக்காத முதலாளிக்கு அபராதம். ஓட்டுப் போட லீவு கொடுன்னு முதலாளிக்கு உத்தரவு போட முடியுது. உயிரோட வீட்டுல இருக்க லீவு கொடுன்னா, அது வேண்டுகோளா மாறிடுது. இதைக் கட்சி பார்த்துச் சொல்லலை. 2020-ல் நிவர் புயலுக்கு எடப்பாடி பழனிசாமி அரசு கையில் எடுத்ததும் இதே பொது விடுமுறை ஆயுதத்தைத்தான்.

அப்போ அரசுக்கு அதிகாரமே இல்லையா? இருக்கு. 2005-ம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34-வது பிரிவு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குப் பெரிய அதிகாரம் தருது. பாதிப்பு வரக்கூடிய இடத்துக்குள் வண்டி வர்றதை, ஆள் வர்றதைக் கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். மீறினால் 51-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை. கொரோனா ஊரடங்குல தொழிற்சாலைகளை மூட வெச்சது இந்தச் சட்டம்தான். ஃபெஞ்சல் அன்னிக்கு ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். சாலைகளில் பஸ் போக்குவரத்தை நிறுத்தி வெச்சாங்களே... அதே மாதிரி, “இரவு ஷிஃப்ட் பஸ் எதுவும் இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஓடக் கூடாது”ன்னு ஒரு வரி உத்தரவு போட எது தடுக்குது?

மிக்ஜாம்ல பெரிய நிறுவனங்கள் தாங்களாவே நிறுத்தின. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கானும், செங்கல்பட்டு பக்கம் பெகட்ரானும் ஐபோன் உற்பத்தியை நிறுத்தின செய்தி உலகம் முழுக்கப் போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு, ஃபோர்டு எல்லாமே லைனை நிறுத்தின. ஆனா, பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செஞ்சு கொடுக்கிற வெண்டர் கம்பெனி தானா நிறுத்தாது. ‘மெயின் பிளான்ட் ஓடுதா, இல்லையா’ன்னு போன் வர்ற வரைக்கும் அங்கே மெஷின் ஓடும். அந்த போன் வரும்போது பெரும்பாலும் ஒரு ஷிஃப்ட் உள்ளே வந்திருக்கும். அரசு முடிவு சொல்லாத இடத்துல முடிவு இப்படித்தான் மேலேயிருந்து கீழே சொட்டு சொட்டா இறங்குது. கடைசியில நிக்கிறவர் கான்ட்ராக்ட் தொழிலாளி.

விடுமுறை அறிவிச்ச அதே 4-ம் தேதி காலையில்தான் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டுமானத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிஞ்சு, வேலைக்கு வந்த இரண்டு பேர் சிக்கினாங்க. உடல்களை மீட்க 8-ம் தேதி ஆச்சு. அப்போ எல்லாரும் பள்ளத்தோட ஆழத்தைப் பத்திப் பேசினோம். அன்னிக்கு அவங்க ஏன் வேலைக்கு வந்திருந்தாங்கன்னு கேட்டவங்க ரொம்பக் கம்மி.

ஆறு மணி அறிவிப்பும் நாலரை மணி பஸ்ஸும்

மழைக்காலத்துல நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. காலையில எழுந்ததும் டிவியைப் போட்டு, ‘இன்னிக்கு லீவா’ன்னு கீழே ஓடுற வரியைப் பார்க்கிறது. கலெக்டர் பல நாள் ஆறு, ஆறரை மணிக்குத்தான் அறிவிப்பார். ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அது போதும்.

காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போறவர் செய்யாறுலேயோ வந்தவாசியிலேயோ இருந்தா, நாலு, நாலரைக்கே கம்பெனி பஸ் ஏறிடணும். கலெக்டர் அறிவிக்கிறப்போ அவர் ஏற்கெனவே லைன்ல நிக்கிறார். அந்த அறிவிப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்தாலும், போன் லாக்கர்ல இருக்கும்.

தைவானில் இதை எப்படிப் பண்றாங்க தெரியுமா? நம்ம பக்கம் போன் செய்ற ஃபாக்ஸ்கான் அந்த ஊர்க் கம்பெனிதான், அதனால ஒப்பிட்டுப் பார்க்கிறதுல தப்பில்லை. அங்கே ‘புயல் நாள்’னு ஒண்ணு இருக்கு. காற்று இந்த அளவைத் தாண்டும்னு கணிப்பு வந்தா (சராசரி வேகம் ஏழாம் நிலை, அல்லது வீச்சு பத்தாம் நிலை) அந்தந்த நகர, மாவட்டத் தலைவர் ‘இன்னிக்கு வேலையும் பள்ளியும் கிடையாது’ன்னு அறிவிக்கலாம். அறிவிச்சுட்டா, வராத தொழிலாளியை ‘ஆப்சென்ட்’னு போட முடியாது, வருகைக்கான போனஸைப் பிடிக்க முடியாது. அன்னிக்குச் சம்பளம் தரணும்னு அங்கேயும் கட்டாயம் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். ஆனா தண்டனை கிடையாதுங்கிறது தெளிவா எழுதி வெச்சிருக்கு.

ஹாங்காங்கில் இன்னும் எளிமை. எட்டாம் எண் புயல் சின்னம் ஏத்தினாங்கன்னா ஊரே வீட்டுக்குப் போயிடும். அதுவும் திடீர்னு ஏத்த மாட்டாங்க. இரண்டு மணி நேரத்துக்குள்ள எட்டாம் எண் வரப்போகுதுன்னு முன்கூட்டியே ஒரு தனி அறிவிப்பு தருவாங்க. ஜனங்க பஸ், ரயில் பிடிச்சு வீடு போய்ச் சேர அந்த அவகாசம்.

நம்ம ஊர்லயும் துறைமுகத்துல கூண்டு ஏத்துறாங்க. எண்ணூர்ல அஞ்சாம் எண் கூண்டுன்னு செய்தி வாசிக்கிறாங்க. மீனவர் அதைப் பார்த்துக் கடலுக்குப் போகாம இருக்கார். தொழிற்பேட்டைக்கு அப்படியொரு கூண்டு கிடையாது. ‘ரெட் அலர்ட்’னா ஒரகடத்துல எந்த ஷிஃப்ட் ரத்து, ‘ஆரஞ்சு’ன்னா பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் உண்டா, இல்லையான்னு யாரும் எழுதி வைக்கலை.

அலட்சியமா இருந்தா என்ன ஆகும்கிறதுக்கு வெகுதூரத்துலேருந்து ஒரு உதாரணம். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்தில் எர்வின்னு ஒரு சின்ன ஊர். 2024 செப்டம்பர் 27-ம் தேதி ஹெலீன் சூறாவளியோட மழையில் ஆறு பொங்கி, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையை விட்டு வெளியேற முயன்ற தொழிலாளர்களை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த ஒரு தொழிற்சாலையில் ஆறு பேர் செத்தாங்க. ‘எங்களை நேரத்துக்கு அனுப்பலை’ன்னு குடும்பங்கள் சொல்ல, ‘அனுப்பினோம்’னு நிர்வாகம் சொல்ல, வழக்கு நடந்தது. எர்வின் கடற்கரை ஊரே இல்லைங்கிறதைக் கவனிக்கணும். நம்ம ஸ்ரீபெரும்புதூர் மாதிரி உள்ளே தள்ளி இருக்கிற ஊர்.

லீவு யாரு கணக்குல?

சரி, கம்பெனியே லீவு விட்டுச்சுன்னு வெச்சுக்குவோம். சம்பளம்?

பல இடத்துல நடக்கிறது இதுதான்: ‘இன்னிக்கு லீவு எடுத்துக்கோங்க, வர்ற ஞாயித்துக்கிழமை வந்து அடைச்சுடுங்க.’ மழையோட போராடி, வீட்டுல புகுந்த தண்ணியை இறைச்சு, நனைஞ்ச பாயைக் காயவெச்ச களைப்பு தீர்றதுக்குள்ள ஞாயிறும் போயிடும். இல்லைன்னா ஒரு சி.எல். கழியும். வருகை போனஸ் கம்பெனிகள்ல ஒரு நாள் போனா அந்த மாசத்துக்கான தொகையே போறதும் உண்டு.

சட்டத்துல ‘லே-ஆஃப்’னு ஒரு ஏற்பாடு இருக்கு. இயற்கைப் பேரிடரால வேலை தர முடியாம போறதையும் 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டம் அதுல சேர்த்திருந்துச்சு. பாதிச் சம்பளம் கிடைக்கும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும், மஸ்டர் ரோல்ல பேர் இருக்கணும், பதிலி ஆளாவோ தற்காலிக ஆளாவோ இருக்கக் கூடாது. 2020-ல் வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே பாதிதான். இந்தப் பகுதியில் வேலை பார்க்கிற பயிற்சியாளர், கான்ட்ராக்ட், ‘ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிரேக்’ ஆட்களை இந்த வடிகட்டியில ஊத்திப் பாருங்க. மேலே எத்தனை பேர் நிப்பாங்க?

ஊரடங்கு நேரத்துல முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி 2020 மார்ச் 29-ல் மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனாங்க, மே மாசம் அந்த உத்தரவே வாபஸ் ஆச்சு. ஆக, உத்தரவால மட்டும் இது தீராது. பணம் எங்கேயிருந்து வரும்னும் சொல்லணும். ஈ.எஸ்.ஐ.யில தொழிலாளியும் முதலாளியும் மாசாமாசம் கட்டுறாங்க. உடம்பு சரியில்லாத நாளுக்கு அதிலிருந்து சம்பளத்துல ஒரு பங்கு கிடைக்குது. பேரிடர் நாளையும் அப்படி ஒரு நிதிக்குள்ள கொண்டு வரலாமேன்னு யோசிக்க மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. இது என் யோசனைதான். இதைவிட நல்லது இருந்தா அதையே பண்ணட்டும்.

நியாயமா சொல்லணும்னா...

குறை மட்டும் சொல்லிக்கிட்டே போனா மார்க் போடுறதுல அர்த்தமில்லை. முன்னேறியிருக்காங்க. இதுக்குச் சிறந்த சாட்சி செம்பரம்பாக்கம்.

2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். மத்திய தணிக்கைத் துறையே 2018-ல் சட்டமன்றத்துல வெச்ச அறிக்கையில அந்த வெள்ளத்தை மனிதர்களால உண்டான பேரிடர்னு எழுதிச்சு. ஐந்து வருஷம் கழிச்சு நிவர் வந்தப்போ, ஏரி நிரம்பி வழியிற வரைக்கும் காத்திருக்கலை. முழுக் கொள்ளளவு 24 அடி. 22 அடியைத் தொட்டதும், 2020 நவம்பர் 25 பகல் 12 மணிக்கு, முன்கூட்டியே சொல்லிட்டு 1,000 கன அடியில் ஆரம்பிச்சு, படிப்படியா கூட்டினாங்க. பகல்ல, சொல்லிட்டு, கொஞ்சம் கொஞ்சமா. மூணுமே 2015-ல் இல்லாதது.

முன்னேற்பாட்டுல பேர் வாங்கி, அப்புறம் கோட்டை விடுறதும் நம்ம ஊர்ல உண்டு. 2018-ல் கஜா புயலுக்கு முன்னெச்சரிக்கை நல்லா இருந்துச்சுன்னு அப்போ எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலினே பாராட்டினார். அடுத்த சில நாள்ல நிவாரணம் வரலைன்னு டெல்டா கொந்தளிச்சது. 2024-ல் ஃபெஞ்சல் சமயம் சாத்தனூர் அணையிலிருந்து அதிகாலையில் 1,68,000 கன அடி தண்ணி வந்தப்போ, ‘ஐந்து முறை எச்சரிக்கை விட்டோம்’னு அரசு சொல்லிச்சு. எதிர்க்கட்சிகள் அதை ஏத்துக்கலை. தென்பெண்ணைக் கரையில ராத்திரி தூங்கிக்கிட்டிருந்தவருக்கு அந்த எச்சரிக்கை எந்த வழியா வந்துச்சுங்கிறதுதான் அங்கேயும் கேள்வி.

அரசோட தர்மசங்கடமும் புரியாம இல்லை. 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் கொடுத்தாங்க, 16-ம் தேதி சென்னையில எதிர்பார்த்த அளவு மழை பெய்யலை. ‘வெயில் அடிக்குது, ரெட் அலர்ட்டாம்’னு மீம்ஸ் பறந்துச்சு. ஐ.டி.காரருக்கு அதனால நஷ்டம் இல்லை. ஆனா ஒரு கார் பிளான்ட்டை ஒரு நாள் நிறுத்திட்டு, வெயில் அடிச்சா, அடுத்த தடவை உத்தரவு போடக் கலெக்டரோட கை நடுங்கும். முதலீட்டாளர் மாநாடு நடத்துற அரசு, ‘மழைன்னா மூடச் சொல்லிடுவாங்க’ங்கிற பேரை வாங்கவும் பயப்படும். இந்தப் பயம் இருக்கிறதாலதான் விதியை முன்னாடியே எழுதி வைக்கணும்னு சொல்றேன். இந்த அளவு காத்து, இந்த அளவு மழைக் கணிப்புன்னா தானா ஷிஃப்ட் ரத்துன்னு இருந்தா, கலெக்டருக்கும் பாரம் குறையும், கம்பெனிக்கும் முன்கூட்டியே திட்டம் போட முடியும்.

ரேஷன் கார்டு எங்கே, ஆள் எங்கே?

மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய். ரேஷன் கடை வழியா ரொக்கமா கொடுத்தாங்க. டிசம்பர் 17-ம் தேதி முதல்வர் வேளச்சேரியில தொடங்கி வெச்சார். வேகத்துக்கு அரசைப் பாராட்டலாம். இரண்டு வாரத்துக்குள்ள ஜனங்க கையில பணம் போறது சின்ன விஷயமில்லை.

ஆனா, பட்டியலைப் பாருங்க. காஞ்சிபுரம் மாவட்டத்துல குன்றத்தூர் வட்டம் முழுசா வந்துச்சு. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்துல மூணே மூணு வருவாய் கிராமங்கள். தண்ணி எங்கே நின்னுச்சோ அங்கே கொடுத்தோம்கிறது அரசோட பதில். வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை அளந்தாங்க. வேலை போன நாளை யாரும் அளக்கலை.

அடுத்த சிக்கல் கார்டு. ஒரகடம், மாத்தூர், படப்பை பக்கம் ஒரு ரூம்ல நாலு பேர், அஞ்சு பேரா தங்கியிருக்கிற பசங்களோட ரேஷன் கார்டு விழுப்புரத்துலேயோ திருவண்ணாமலையிலேயோ அப்பா பேர்ல இருக்கு. பாதிச்ச இடத்துல இவர் இருக்கார், கார்டு பாதிக்காத இடத்துல இருக்கு. அடுத்த வருஷம் ஃபெஞ்சல்ல இது தலைகீழாச்சு. விழுப்புரம் மூழ்கிச்சு, இவர் ஒரகடத்துல பத்திரமா இருந்தார். அங்கே கார்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தாங்க. ஊருக்குப் போய் அம்மாவோட வீட்டைக் கழுவிவிட லீவு கேட்டார், கிடைச்சிருக்குமா? ஒடிசா, பீகார், அசாம்லேருந்து வந்தவங்களுக்கு இங்கே கார்டே கிடையாது. கார்டு இல்லாதவங்களும் விண்ணப்பிக்கலாம்னு மிக்ஜாம்ல அரசு சொன்னது உண்மை. அதுக்கு இந்த முகவரியில குடியிருக்கோம்னு நிரூபிக்கணும். ரூம் வாடகைக்கு ரசீது தர்ற வீட்டு ஓனரை உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.

ஒடிசாக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை. புயல்னா என்னன்னு நம்மைவிட அவருக்கு நல்லா தெரியும். 1999 பெரும்புயல்ல அங்கே பத்தாயிரம் பேர் வரைக்கும் செத்தாங்க. அதுக்கப்புறம் ஊர் ஊரா புயல் பாதுகாப்பு மையம் கட்டி, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2019-ல் ஃபனி வந்தப்போ சுமார் 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போனாங்க. பலி நூறைத் தாண்டலை. அப்படிப்பட்ட ஊர்லேருந்து வந்த பையன், இங்கே தகர ஷீட் போட்ட லைன் வீட்டுல, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் வர்ற எச்சரிக்கையை வெச்சுக்கிட்டு முழிக்கிறான்.

தங்குமிடம்னு வரும்போது அரசு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறிச்சாங்களே, அதுக்கப்புறம் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்குற குடியிருப்பு கட்டிச்சு. 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. உறுதியான கட்டடம், வேலை இடத்துக்குப் பக்கம். புயல் வந்தா பஸ்ஸுல அலைய வேண்டியதில்லை. மத்த தொழிலாளர்களுக்கும் இது மாதிரி வேணும்.

ஏரி சொல்ற கணக்கு

கடைசியா ஒரு விஷயம், இது புயல் வர்றதுக்கு முன்னாடியே முடிவாகிற விஷயம். காஞ்சிபுரம் ஏரிகளோட மாவட்டம். ஒரு ஏரி நிரம்பி, கலங்கல் வழியா அடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளோட உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். மணிமங்கலம் பக்கத்து ஏரிகளோட தண்ணி அடையாறா மாறி வரதராஜபுரம், முடிச்சூர் வழியா சென்னைக்கு வரும். இந்த ஏரிகளுக்கு நடுவுலதான் தொழிற்பேட்டைகள் உட்கார்ந்திருக்கு. வயலா இருந்த நிலம் மழையைக் கொஞ்சம் குடிச்சு, மிச்சத்தை மெதுவா விடும். கான்கிரீட்டும் தகரக் கூரையும் பெய்ற மழையை அப்படியே, உடனே, கீழே தள்ளிடும். முடிச்சூர்க்காரர் ஒவ்வொரு மழைக்கும் படகு தேடுறதுக்கு ஒரு காரணம், மேலே ஒரகடம் பக்கத்துல நிலம் மாறின விதம்.

ஒரத்தூர் நீர்த்தேக்கம் இதுக்குத்தான் திட்டமிடப்பட்டது. ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளைச் சேர்த்து, அடையாறுக்குப் போற தண்ணியைப் பிடிச்சு வைக்கிற யோசனை. ஆரம்பிச்ச வேலை வருஷக்கணக்கா இழுத்துச்சு. தொழிற்சாலைக்கு நிலம் கொடுக்கும்போது இருக்கிற வேகம் ஏரிக்கு வரும்போது காணாமப் போயிடுது. காரணம் எளிது: நிலத்தை எடுத்து விக்கிற சிப்காட்டும் அரசுதான், வெள்ளத்துக்குப் படகு அனுப்புறதும் அரசுதான். இரண்டாவது கை முதல் கையைக் கேள்வி கேட்கிறதில்லை. இப்போ பரந்தூர் விமான நிலையம். கம்பன் கால்வாய் ஓடுற, ஏரிகள் இருக்கிற நிலம். ஏகனாபுரத்து ஜனங்க 2022-லேருந்து போராடுறாங்க. அவங்க நிலத்துக்காகப் போராடுறாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க. கம்பன் கால்வாய் போய்ச் சேர்றது ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு. அந்தத் தண்ணிக்கு வேற வழி என்னன்னு கேட்க முடிச்சூர்க்காரருக்கும் உரிமை உண்டு.

சென்னை மழைநீர் வடிகாலுக்கு ‘நாலாயிரம் கோடி என்னாச்சு’ன்னு மிக்ஜாமுக்குப் பிறகு கேட்டோம், கேட்க வேண்டிய கேள்விதான். மத்திய அரசுகிட்ட 5,060 கோடி கேட்டதுக்கு 450 கோடி முன்பணம் வந்த கதையும் ஓடிச்சு. அந்தச் சண்டையில யார் பக்கம் நியாயம் இருந்தாலும், மேலே சொன்ன ஷிஃப்ட் விதியை எழுத டெல்லியிலேருந்து ஒரு ரூபாய் வர வேண்டியதில்லை. தொழிலாளர் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, சிப்காட், காஞ்சிபுரம் கலெக்டர், நாலு பேர் ஒரு மேஜையில உட்கார்ந்தா போதும். அக்டோபர் பிறக்கிறதுக்கு முன்னாடி உட்காரணும்.

அதுவரைக்கும் உங்க வீட்டுலேருந்து ஷிஃப்ட்டுக்குப் போறவங்க இருந்தா, சில வேலை நீங்களே பண்ணி வைங்க. கம்பெனி பஸ் டிரைவர் நம்பர், ரூம்ல கூட இருக்கிறவர் நம்பர், கான்ட்ராக்டர் நம்பர், மூணையும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க. ரூம் ஓனர்கிட்ட ஒரு வாடகை ஒப்பந்தம் வாங்கச் சொல்லுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அடுத்த ரெட் அலர்ட் ராத்திரி 1077-க்கு போன் போட்டு, “நாலரைக்குக் கம்பெனி பஸ் வருதுங்க, ஏறலாமா?”ன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு தேதி, நேரத்தோட அதே தாள்ல குறிச்சு வைங்க.